பள்ளத்தாக்கின் ஓரமாகப் பறந்தவர்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகுதான் அந்த ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். கறுப்புப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவர் பெயரும் பணி எண்ணும். விமானப்படையில் இருபது ஆண்டுகள், பயணிகள் விமானத்தில் பதினாறு ஆண்டுகள். எத்தனை ஊர் மாறினாலும் எங்களோடு லாரியில் ஏறி இறங்கிய பெட்டி அது. உள்ளே அந்துருண்டை வாசனையோடு நீலச் சீருடை, மார்பில் அணியும் சிறகுச் சின்னம், அம்மா எழுதிய இன்லண்ட் கடிதங்கள், அடியில் துணி சுற்றிய நான்கு லாக் புக்குகள்.

ஒரு விமானியின் வாழ்க்கை வரி வரியாகப் பதிந்திருப்பது லாக் புக்கில்தான். தேதி, விமானத்தின் வகை, அதன் எண், கேப்டன் யார், உடன் பறந்தவர் யார், என்ன வேலை, எத்தனை நேரம். அப்பா பகல் பறப்பை நீல மையிலும் இரவுப் பறப்பைச் சிவப்பு மையிலும் எழுதியிருந்தார். மாதக் கடைசியில் கூட்டல் போட்டு மேலதிகாரியின் கையெழுத்து. விமானப்படைக் காலத்துப் பக்கங்களில் வேலையை எழுதும் கட்டத்தின் முடிவில் சில எழுத்துகள் இருக்கும். டி.சி.ஓ. என்றால் கொடுத்த வேலை முடிந்தது. டி.என்.சி.ஓ. என்றால் முடியவில்லை, திரும்பி வந்துவிட்டோம்.

முதல் லாக் புக்கை மட்டும் அன்று எண்ணிப் பார்த்தேன். 41 இடங்களில் டி.என்.சி.ஓ. அப்பா அவ்வளவு சிறந்த விமானி இல்லையோ என்றுதான் முதலில் தோன்றியது. அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்று புரிய எனக்கு ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வீட்டில் ஒரு பழைய விமானியோ, படையில் இருந்த பெரியவரோ இருப்பவர்களுக்கு இது பயன்படும். சிலவற்றை நான் காலம் கடந்து கற்றேன். நீங்கள் கடக்க வேண்டியதில்லை.

அப்பா 1942-இல் பிறந்தவர். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷார் அங்கே அமைத்த ஓடுதளம், போர் முடிந்ததும் கேட்பாரற்றுக் கிடந்தது. சிறுவயதில் அதன் மேல் வேர்க்கடலை காய்வதைக் காவல் காத்திருக்கிறார். விமானம் இறங்கி அவர் பார்த்ததே இல்லை. ஆனால் இவ்வளவு நீளத்துக்குத் தரையைப் போட்டு வைத்திருக்கிறார்களே, அதற்கு ஏற்றது ஒன்று எங்கோ இருக்க வேண்டும் என்று நினைத்தாராம். 1962-இல் சீனப்போர் வந்தது. கல்லூரி முடித்த கையோடு விமானப்படைக்கு மனுப்போட்டார். விமானிகளுக்கான திறனறித் தேர்வை அப்போது வாழ்நாளில் ஒருமுறைதான் எழுத முடியும். தவறினால் மறுவாய்ப்பு இல்லை. அதில் தேறினார். எச்.டி.-2, ஹார்வர்டு விமானங்களில் பயிற்சி முடித்து 1964-இல் அதிகாரியானார். போர் விமானம் கிடைக்கவில்லை. டகோட்டா என்ற சரக்கு விமானத்தில் போட்டார்கள்.

அதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். இருந்தது, முதல் மூன்று மாதம். பிறகு அசாமில் ஜோர்ஹாட்டுக்கு அனுப்பினார்கள்.

அங்கே அவர் செய்த வேலை, மலைமுகட்டு முகாம்களில் இருந்த வீரர்களுக்கு வானிலிருந்து அரிசி போடுவது. சாலை கிடையாது. கோவேறு கழுதை போய்ச் சேரவே பல நாள் ஆகும் இடங்கள். அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் சாக்குக்குள் சாக்கு வைத்துத் தைத்து வரும். விழும் வேகத்தில் உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்கும். மண்ணெண்ணெய்க்கு மட்டும் பாராசூட். டகோட்டாவின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, முதுகில் கயிறு கட்டிய வீரர்கள் அதன் ஓரத்தில் மூட்டைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். விமானி மணி அடித்ததும் தள்ளுவார்கள். ஒரு சுற்றுக்குச் சில மூட்டைகள்தான். மீண்டும் சுற்றி வர வேண்டும், அதே குறுகிய பள்ளத்தாக்கில், பத்துப் பதினைந்து முறை. மழைக்காலத்தில் டகோட்டாவின் முன் கண்ணாடி ஒழுகும். மடியில் ரப்பர் விரிப்புப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்களாம்.

அந்த மலைகளில் மேகம் என்றால் வெறும் மேகம் இல்லை, உள்ளே மலை இருக்கும். பள்ளத்தாக்கின் தரை, டகோட்டா ஏறும் வேகத்தைவிட விரைவாக உயரும். நுழைந்த வழியை மேகம் பின்னால் வந்து மூடிவிடும். அதனால் அங்கே இளம் விமானிக்கு முதலில் கற்றுக்கொடுப்பது இதுதான்: பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காதே, ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் பற. நடுவில் பறந்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் திரும்ப வேண்டியபோது பாதி அகலம்தான் மிச்சம். ஓரமாகப் பறந்தால் முழு அகலமும் உனக்குத் திரும்ப இருக்கிறது. திரும்ப இடம் இல்லாத பள்ளத்தாக்குக்குள் நுழையவே நுழையாதே. முன்னால் பார்ப்பதைப் போலவே பின்னாலும் பார்த்துக்கொண்டிரு.

இதை நான் கதையாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வீட்டிலும் அவர் அப்படித்தான். ரயிலுக்குப் போவதென்றால் ஒன்றரை மணி நேரம் முன்பே தாம்பரம் நிலையத்தில் உட்கார்ந்திருப்போம். நான் கல்லூரியில் சேரும்போது ஒரே படிப்புக்கு மட்டும் மனுப்போட்டதற்கு, "திரும்ப இடம் வைத்திருக்கிறாயா அம்மா?" என்று கேட்டார். அப்போது எனக்கு எரிச்சல் வந்தது.

இரண்டாவது லாக் புக்கில் 1971 டிசம்பர் 11-ஆம் தேதி வரி இருக்கிறது. டகோட்டா, விமான எண், "பாரா டிராப் - டாங்காயில்", டி.சி.ஓ. அவ்வளவுதான். மூன்று மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான பறப்பு; அதில் பிற்பாதி சிவப்பு மையில். பாராசூட் ரெஜிமென்டின் இரண்டாவது பட்டாலியன் வீரர்கள் கிட்டத்தட்ட எழுநூறு பேர் அன்று மாலை கிழக்கு வங்கத்தின் டாங்காயில் அருகே குதித்தார்கள். டாக்காவை நோக்கிப் பின்வாங்கிய பாகிஸ்தான் படைகளின் வழியை, பூங்ளிப் பாலத்தைப் பிடித்து அடைப்பது நோக்கம். டகோட்டா, பாக்கெட், காரிபூ, ஏ.என்.-12 என நான்கு வகை விமானங்கள் சென்றன. வீரர்கள் குதித்தபோது அந்தி. அப்பா திரும்பியது இருட்டில். சிவப்பு மையின் காரணம் அதுதான். ஐந்து நாள் கழித்துப் போர் முடிந்தது. ஒரு நாடு பிறந்த போரில் எங்கள் அப்பாவுக்கு இருந்த பங்கு ஒரே வரி. அவர் உயிரோடு இருந்தபோது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது இது.

கேட்காமல் இருந்தேன் என்று சொல்வதும் சரியில்லை. கேட்டேன், தவறாகக் கேட்டேன். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் அப்பா" என்பேன். "என்ன அனுபவம், போனோம் வந்தோம்" என்பார். "பயந்த சம்பவம் உண்டா?" என்றால் சிரிப்பார். 2018-இல் ஒரு நாள் தொலைக்காட்சியில் ஒரு டகோட்டா வந்தது. விமானப்படையில் டகோட்டா ஓட்டிய ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகரின் மகன் ராஜீவ் சந்திரசேகர், பழைய விமானம் ஒன்றை இங்கிலாந்தில் சீராக்கி, தந்தைக்கு மரியாதையாக விமானப்படைக்கே பரிசளித்திருந்தார். 'பரசுராமா' என்று பெயர், வி.பி. 905 என்ற எண். அது அங்கிருந்து பறந்தே இந்தியா வந்து சேர்ந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு மிக அருகில் போனார். எஞ்சின் சத்தம் கேட்டதும், "இடது எஞ்சின் முதலில் நின்றால் என்ன செய்வோம் தெரியுமா" என்று ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. கையை விமானமாக்கிக் காட்டினார். மழை ஒழுகும் கண்ணாடிக் கதை அன்றுதான் வந்தது. நான் போனில் பதிவு செய்தது கடைசி இருபது நிமிடம் மட்டும்.

பெரியவர்களிடம் மொத்தமாகக் கதை கேட்காதீர்கள். ஒரு பொருளைக் கையில் கொடுங்கள்: வரைபடம், பழைய படம், லாக் புக்கின் ஒரு பக்கம். ஒரு இடத்தைப் பற்றிக் கேளுங்கள். "எந்த ஓடுதளத்தில் இறங்க உங்களுக்குப் பிடிக்காது?" என்று கேட்டால் விமானிகள் வாய் திறப்பார்கள். தொடங்கும் முன்பே பதிவுப் பொத்தானை அழுத்திவிடுங்கள். ஒரு நாளைக்கு அரைமணி போதும். மறுநாள் அவர்களே தொடர்வார்கள்.

அம்மாவையும் கேளுங்கள். அப்பாவின் லாக் புக்கில் இல்லாத பாதி வாழ்க்கை அம்மாவிடம் இருந்தது. கடித முகவரியில் ஊர்ப்பெயர் கிடையாது, 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண் மட்டும். கணவர் எங்கே பறக்கிறார் என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு வாரம் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறார். குடியிருப்பில் நேரம் தவறிய நேரத்தில் ஜீப் சத்தம் கேட்டால் எல்லா வீட்டுச் சன்னலும் திறக்கும். யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு முறை பக்கத்து வீட்டில் நின்றது. அதற்கு மேல் அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தாம்பரத்தில் விமானப்படையின் பறப்புப் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது. மூன்று ஆண்டு அங்கே அப்பாவுக்கு வேலை. நாங்கள் இந்தப் பகுதியில் நிலைத்ததற்கு அதுவே காரணம். பிறகு ஆவ்ரோ விமானம் ஓட்டினார். இருபது ஆண்டு முடிந்து ஓய்வூதியத் தகுதி வந்ததும் 1984-இல் ஸ்குவாட்ரன் லீடராக விலகினார். சிவில் உரிமத்துக்காக விமானச் சட்டம், வானிலை, வழியறிதல் என்று 42 வயதில் மீண்டும் தேர்வு எழுதினார். நான் அப்போது பத்தாம் வகுப்பு. ஒரே மேசையின் இருபுறமும் உட்கார்ந்து இருவரும் படித்தோம்.

வாயுதூத் என்ற நிறுவனம் இன்று பலருக்கு நினைவில்லை. வடகிழக்கின் சிற்றூர்களை இணைக்க 1981-இல் தொடங்கப்பட்டது. பின்னால் நாடெங்கும் சிறிய ஊர்களுக்குப் பறந்தது. சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு டோர்னியர் விமானம் போய்வந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பத்தொன்பது இருக்கை டோர்னியரில் அப்பா கேப்டன். 1990-களில் நிறுவனம் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைக்கப்பட்ட பிறகும் டோர்னியரிலேயே இருந்து 2000-இல் ஓய்வு பெற்றார்.

படையிலிருந்து பயணிகள் விமானத்துக்கு வந்தது சீருடையை மாற்றுவது போல எளிதாக இல்லை. இதை அவரே பின்னாளில் சொன்னார். படையில் வேலையை முடிப்பதுதான் முதல் எண்ணம். அரிசி இல்லாமல் கீழே காத்திருப்பவனின் முகம் கண்முன் நிற்கும். இங்கே பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஆபத்துக்கு ஒப்புக்கொண்டு ஏறியவர்கள் இல்லை. திரும்புவதில் பாதி வெட்கம்கூட இருக்கக் கூடாது.

அகத்தி தீவுக்கு அவர் பறந்த ஆண்டுகள்தான் அவருக்குப் பிடித்தவை. லட்சத்தீவில் 1988-இல் திறந்த ஓடுதளம். அப்போது நாலாயிரம் அடி அளவுதான், இரண்டு முனையிலும் கடல். கொச்சியிலிருந்து ஏறத்தாழ 460 கிலோமீட்டர், வழி முழுக்கத் தண்ணீர். அங்கே இறங்க முடியவில்லை என்றால் பக்கத்தில் வேறு ஓடுதளம் கிடையாது, கொச்சிக்கே வர வேண்டும். அதனால் போக, தீவின் மேல் சிறிது நேரம் சுற்ற, திரும்பி வர, அதற்கும் மேல் ஒரு கையிருப்பு என்று எரிபொருள் கணக்கு. எதிர்காற்று கூடினால் திரும்பும் கணம் மாறும். பென்சிலால் முழங்காலில் வைத்த அட்டையில் அந்த நேரத்தைத் திருத்திக்கொண்டே போவார். "பள்ளத்தாக்கு படுத்துக்கொண்டால் கடல்" என்பார். அந்த எரிபொருளுக்காகச் சில நாள் பயணிகளின் பெட்டிகளை இறக்கிவிட நேரும். திட்டு வாங்குவார். மாற்றிக்கொண்டதில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர், இன்று பெரிய விமானங்களின் கேப்டன், இருபத்து நான்கு வயதில் அப்பாவுக்குத் துணை விமானியாக இருந்தவர். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அப்பா சொல்லும் முதல் வாக்கியத்தை அவர் சொன்னார்: "தவறு என்று பட்டால் உடனே சொல்லுங்கள், கோபப்பட மாட்டேன். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் கோபப்படுவேன்." ஒரு முறை மழையில் இறங்கும்போது இந்த இளைஞர் "சார், வேண்டாம், மேலே போகலாம்" என்றிருக்கிறார். அப்பா ஒரு கேள்வியும் கேட்காமல் விசையைக் கூட்டி மேலெழுந்தார். சுற்றி வந்து இறங்கிய பிறகுதான், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டாராம்.

இந்தப் பழக்கமும் படையிலிருந்து வந்ததல்ல. அங்கே கேப்டன் சொல்தான் முடிவு. 1989 ஜூலை 19-இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் இறங்கிய யுனைடெட் 232 விமானத்தை அப்பா அடிக்கடி சொல்வார். வால்பகுதி எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் குழாய்கள் அனைத்தும் போய்விட்டன. கேப்டன் ஆல் ஹேன்ஸ், முன்பு மரைன் படை விமானி. பயணியாக வந்திருந்த ஒரு பயிற்றுநர் விமானியை உள்ளே அழைத்து எஞ்சின் விசைப்பிடிகளை அவர் கையில் கொடுத்தார்; நால்வரும் பேசிப் பேசியே விமானத்தை ஓடுதளம்வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். "அத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர், எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டாரே, அங்கேதான் அவர்கள் பிழைத்தார்கள்" என்பது அப்பாவின் கருத்து. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. வங்கியில் கிளை மேலாளராக இருந்தபோது, பணப்பெட்டகச் சாவி கொடுக்கும் முன் புதிதாகச் சேர்ந்த எழுத்தரிடம் அப்பாவின் வாக்கியத்தையே சொல்லியிருக்கிறேன். யாரிடமிருந்து வந்தது என்று அப்போது தெரியாமலே சொன்னேன்.

இனி காகிதங்கள். இதில் நாங்கள் பட்ட பாட்டை விரிவாகவே சொல்ல வேண்டும். அப்பாவின் பணிப்பதிவில் அம்மாவின் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர். ஆதாரில் அம்மாவின் பெயருக்கு முன்னால் தாத்தாவின் முதலெழுத்து. நம் ஊரில் பாதிப் பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும். இந்த ஓர் எழுத்துக்காகக் குடும்ப ஓய்வூதியம் எட்டு மாதம் நின்றது. ஒரு அலுவலகத்தில் கொடுத்த மனுவைத் தொலைத்துவிட்டு, மீண்டும் எழுதச் சொன்னார்கள். எண்பதை நெருங்கும் அம்மா மூன்று முறை படியேறினார். வங்கியில் முப்பது ஆண்டு இருந்த நான், அப்பா உயிரோடு இருந்தபோது அந்த ஓய்வூதிய ஆணையை ஒருமுறை வாங்கிப் படித்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

ஆகவே இன்றே அந்த ஆணையை எடுத்துப் பாருங்கள். மனைவியின் பெயர், பிறந்த தேதி இரண்டும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் ஓய்வூதியர் இருக்கும்போதே அவர் கையெழுத்தில் திருத்த மனுக் கொடுங்கள். ஓய்வூதியக் கணக்கைக் கணவன் மனைவி கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். படையினரின் ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் இணையதளம் வழியாக நடக்கிறது. அதன் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. எங்களுக்குக் கடைசியில் வழி காட்டியது அங்கிருந்த ஒருவர்தான். முதல் நாளே போயிருக்க வேண்டும். சிவில் வேலையின் வருங்கால வைப்பு நிதிக் காகிதங்களைத் தனி உறையில் வையுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

லாக் புக்குகளை லேமினேட் செய்துவிடலாம் என்று என் தம்பி சொன்னான். நல்லவேளை, செய்யவில்லை. சூடுபட்டால் பழைய மை போய்விடும், பிறகு பிரிக்கவும் முடியாது. சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கங்களும் ஒரே படத்தில் வருமாறு எடுத்தோம். லாக் புக்கின் ஒரு வரி இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கத்தில் முடிகிறது, தனித்தனியாக எடுத்தால் பொருள் போய்விடும். பழைய புகைப்படங்களின் பின்னால் பென்சிலால் மட்டும் பெயர் எழுதினோம். ஒரு படத்தில் நிற்கும் ஆறு பேரில் இருவரின் பெயரைச் சொல்ல இனி யாரும் இல்லை.

ஆனால் லாக் புக்கில் உடன் பறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அப்பாவின் பழைய முகவரிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொருவராகத் தேடினேன். கோயம்புத்தூரில் ஒருவர் கிடைத்தார். ஜோர்ஹாட்டில் அப்பாவின் டகோட்டாவில் வழியறிஞராக, நேவிகேட்டராக, இருந்தவர். எண்பத்து நான்கு வயது, குரல் மட்டும் இளமை. ஞாயிறுதோறும் நான்கு மணிக்குப் பேசுகிறோம். நான் தேதியும் இடமும் படிப்பேன், அவர் வரைபடத்தை விரித்துக்கொண்டு பதில் சொல்வார்.

போன மாதம் 1967 ஜூலையின் ஒரு டி.என்.சி.ஓ. வரியைப் படித்தேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அன்று உன் அப்பாவோடு எனக்குச் சண்டை. கீழே முகாமில் நாலு நாளாக உப்புக்கஞ்சி. பள்ளத்தாக்கு திறந்துதான் இருந்தது, நான் போகலாம் என்றேன். அவர் பின்னால் பார்க்கச் சொன்னார். நுழைந்த வாய் மூடிக்கொண்டிருந்தது. திருப்பிவிட்டார். இறங்கிய பிறகும் அன்றிரவு முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவரும் சாப்பிடவில்லை. நாலு மணிக்கு எழுந்து போய் மேகம் பார்த்துக்கொண்டு நின்றார்."

அடுத்த வரியைப் படிக்கச் சொன்னார். மறுநாள் தேதி. அதே முகாம், இரண்டு பயணம். இரண்டிலும் டி.சி.ஓ.